பைக் மீனுக்கு லூர் போட நரம்பும் லீடரும் தேர்ந்த விதம்: ஃபென்ஸ் வடிகால் ஒன்றில் ஒரு பருவத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கிழக்கு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ்ஷயர், நார்ஃபோக், லிங்கன்ஷயர் மூன்றும் ஒட்டிக் கிடக்கும் தாழ்நிலத்துக்கு ஃபென்ஸ் என்று பெயர். சதுப்பாகக் கிடந்த அந்த நிலத்தை 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் கார்னேலியஸ் வெர்முய்டன் முன்னின்று வடித்தார். அன்று முதல் வெட்டப்பட்ட நேர்கோட்டு வடிகால்கள் இன்று பைக் என்னும், மற்ற மீன்களைத் தின்னும் நன்னீர் மீனுக்கு நல்ல இடங்கள். இந்த ஆய்வு அப்படிப்பட்ட ஒரு வடிகாலில், ஓர் அக்டோபர் முதல் அடுத்த மார்ச் 14 வரை நடந்ததைப் பதிவு செய்கிறது.

வடிகாலின் அகலம் சுமார் 18 மீட்டர், நடுவில் ஆழம் 2 மீட்டர். இரு கரையிலும் நாணல். தண்ணீருக்குள் பழைய மரக் குத்துக்கால்களும், மேலே மட்டி ஒட்டிக்கொண்ட கற்களும் உண்டு. பைக்கோடு பெர்ச் மீனும், 1963இல் இந்த வடிகால் சேரும் ஆற்றுத் தொகுதியில் கொண்டுவந்து விடப்பட்ட ஸாண்டர் மீனும் இருக்கின்றன. இங்கிலாந்தில் ஆறுகளிலும் வடிகால்களிலும் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை நன்னீர்த் தூண்டிலுக்குத் தடை. 13 வயது நிரம்பியவர்கள் உரிமம் எடுக்க வேண்டும். ஆற்றில் நாளுக்கு ஒரு பைக் மட்டும், அதுவும் 65 செ.மீ.க்கு உட்பட்டதாக இருந்தால், எடுத்துச் செல்லலாம். இந்த வடிகாலை வைத்திருக்கும் சங்கமோ பிடித்த பைக் எதையும் எடுக்கக் கூடாது, எல்லாவற்றையும் திரும்ப விட வேண்டும் என்கிறது. மீனை விடுவது கட்டாயம் என்றால் அது உயிரோடும், வாயில் முள் இல்லாமலும் போக வேண்டும். நரம்பையும், அதன் நுனியில் லூருக்கு (செயற்கை இரைக்கு) முன் கட்டும் துண்டான லீடரையும் தேர்வதில் எல்லாக் கணக்கும் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

சம்பந்தப்பட்டவர்கள் இருவர், மாமாவும் மைத்துனரும். மூத்தவர் பத்து ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பக்கம் குடியிருப்பவர். குளங்களில் மாவும் சோளமும் போட்டு கெண்டை பிடித்துப் பழக்கம். இளையவர் பழவேற்காடு, முட்டுக்காடு கழிமுகங்களில் கொடுவா பிடித்துத் தேர்ந்தவர். லூரை எறிவதிலும் இழுப்பதிலும் கை நன்றாக வந்தவர். பைக் மீன் மட்டும் இருவருக்குமே புதிது.

இளையவர் ஊரிலிருந்து கொண்டுவந்த செட் இது: 2.1 மீட்டர் ராடு, எறியும் எடை 7 முதல் 28 கிராம். 3000 அளவு ஸ்பின்னிங் ரீல். 15 பவுண்டு இழுப்பைத் தாங்கும் பிரெய்டு (இழைகளைப் பின்னிய நரம்பு). அதன் நுனியில் 0.45 மி.மீ. ஃப்ளோரோகார்பன் (நைலான் போன்ற ஒற்றை இழை நரம்பு, சுருக்கமாக ஃப்ளோரோ) லீடர் 60 செ.மீ. கடைசியில் லூரை மாட்ட, திறந்து மூடும் ஒரு சிறிய ஸ்னாப். மூத்தவரும் அதைப் பார்த்து அதே அளவில் ஒன்று வாங்கிக்கொண்டார்.

கொடுவாவுக்கு இந்த செட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கொடுவா இரையை வாயைத் திறந்து உறிஞ்சும். அதன் பல் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருக்குமே தவிர வெட்டாது. ஆபத்து செவுள் மூடியின் விளிம்பில்தான். அந்த உரசலைத் தடித்த ஃப்ளோரோ தாங்கிவிடும். பைக் மீனின் வாய் வேறு மாதிரி. கீழ்த்தாடையில் கத்தி நுனி போன்ற பெரிய பற்கள் நிற்கின்றன. மேலண்ணம் முழுக்க உள்நோக்கிச் சாய்ந்த நூற்றுக்கணக்கான சிறு பற்கள், தேங்காய் நார் பிரஷ் போல. குறுக்கே கவ்வி, தலையை உதறி, பிறகு இரையைத் திருப்பி விழுங்கும். ஊரில் இதற்கு நேரான மீன் கொடுவா அல்ல, சீலாவும் வஞ்சிரமும்தான். அவற்றுக்குக் கம்பி இல்லாமல் தூண்டில் போடும் மீனவரைப் பார்க்க முடியாது. இளையவருக்கும் அது தெரியும். ஆனால் ‘நன்னீர் மீன்’ என்றதும் மனம் விராலையும் கொடுவாவையுமே நினைத்துக்கொண்டது.

முதல் நான்கு தடவைகளில் கண்டது

முதல் நாள், அக்டோபர் இரண்டாம் வாரம். 12 செ.மீ. ஷாட் ரப்பர் (மீன் வடிவ லூர்), 14 கிராம் ஜிக் தலை (முள் பதித்த உலோகத் தலை). 50, 58 செ.மீ. அளவில் இரண்டு பைக் வந்தன. இரண்டுக்கும் முள் உதட்டு ஓரத்தில் மாட்டியிருந்தது. லீடரில் சில கீறல்கள் இருந்தன. இருவரும் அதைப் பார்த்தார்கள். ‘ஃப்ளோரோ தாங்குகிறது’ என்ற முடிவோடு அதே லீடரை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

மொத்தப் பருவத்திலும் பெரிய தவறு இதுதான் என்பது எங்கள் கருத்து. உதட்டு ஓரத்தில் முள் மாட்டிய சிறிய மீன் லீடரைச் சோதிக்கவே இல்லை, ஏனென்றால் நரம்பு பல்லில் லேசாக உரசியதே தவிர பற்களுக்கு நடுவே சிக்கவில்லை. மீன் கரைக்கு வந்ததை லீடர் தாங்கியதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் இரண்டு மீன்கள் அறுத்துக்கொண்டு போயின. இரண்டும் ஒரே மாதிரி: ‘டம்’ என்று அடி, இரண்டு விநாடி கனம், அப்புறம் வெறும் நரம்பு. முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று இளையவர் நினைத்தார். அறுந்த நுனிகளைத் தூக்கிப் போடாமல் மூத்தவர் தீப்பெட்டிக்குள் வைத்தது பின்னால் உதவியது.

மூன்றாம் நாள் மூன்று மீன்கள் மாட்டின. ஒன்று கரைக்கு வந்தது. ஒன்று முள் கழன்று போனது. மூன்றாவது கரையருகே உருண்டு புரண்டபோது ஸ்னாப் திறந்துகொண்டது. திரும்பி வந்த ஸ்னாப்பின் வாய் கொக்கி போல நிமிர்ந்திருந்தது. அதே நாளில் குத்துக்கால்களில் மூன்று லூர்கள் மாட்டி, இழுக்க இழுக்க 15 பவுண்டு பிரெய்டு நடுவில் அறுந்தது. ஒரு தடவை 20 மீட்டருக்கு மேல் நரம்பு தண்ணீரிலேயே தங்கிவிட்டது.

நான்காம் நாள் 65 கிராம் ஜெர்க்பெய்ட்டை (வெட்டி வெட்டி இழுக்கும் கனமான லூர்) அதே ராடில் கட்டினார்கள். 28 கிராமுக்கான ராடு அது. இரண்டு எறிதல்களில் லூர் நரம்பை அறுத்துக்கொண்டு எதிர்க்கரைக்குப் பறந்தது. ஒரு தடவை ரீலில் நரம்பை வழிநடத்தும் பெய்ல் கம்பி எறியும்போதே மூடிக்கொண்டது. மற்றொரு தடவை பிரெய்டு ராடு நுனியைச் சுற்றியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அன்றும் ஒரு மீன் லீடரை அறுத்தது.

ஐந்தாம் நாள்

முதல் அறுப்பு நடந்து பன்னிரண்டு நாட்கள் கழித்து, அந்த இடத்திலிருந்து சுமார் 400 மீட்டர் தள்ளி, மூத்தவரின் ஸ்பூனை (கரண்டி வடிவ உலோக லூர்) ஒரு பைக் கவ்வியது. நீளம் 78 செ.மீ. அந்த நீளத்துக்கு வயிறு ஒட்டிப்போயிருந்தது. வாயைத் திறந்தால் தாடை மூலையில் ஒரு ஜிக் தலை. அதன் பின்னால் கட்டியிருந்த, மூன்று கவை கொண்ட ட்ரெபிள் முள்ளின் இரண்டு கவைகள் தொண்டைக்குள் இறங்கி நின்றன. ரப்பர் பாதி கிழிந்திருந்தது. ஸ்னாப்புக்கு மேலே 6 செ.மீ. ஃப்ளோரோ நீட்டிக்கொண்டிருந்தது.

“இது நாம போட்டதுடா” என்றார் மூத்தவர். இளையவர் ஜிக் தலையின் நிறத்தைப் பார்த்து, “ஆமா மாமா” என்றார்.

கையில் இருந்தது 15 செ.மீ. சாதாரண இடுக்கி. தொண்டைக்கு எட்டவில்லை. மீன் ஈரப் புல்லில் கிடக்க, முள்ளை எடுக்க நான்கு நிமிடத்துக்கு மேல் ஆனது. விட்டபோது நிமிர்ந்து நிற்கத் தடுமாறியது. வயிற்றைத் தாங்கிப் பிடித்து நீண்ட நேரம் வைத்திருந்த பிறகே வாலை அசைத்துப் போனது.

இருவரும் அத்தோடு ராடை மடக்கினார்கள். அடுத்த மூன்று வாரங்கள் தண்ணீருக்குப் போகவில்லை. அதுவரை ஐந்து தடவைகளில் மாட்டியவை ஒன்பது, கரைக்கு வந்தவை நான்கு, லீடரை அறுத்தவை மூன்று, ஸ்னாப் திறந்து போனது ஒன்று, முள் கழன்றது ஒன்று. போன லூர்கள் பதினொன்று. அவற்றில் நான்கு மீன் வாயோடு போனவை.

அறுந்த நுனிகள் சொன்னது

சங்கத்தில் பல காலமாகப் பைக் பிடிக்கும் ஒருவரிடம் தீப்பெட்டியைக் காட்டினார்கள். அவர் உருப்பெருக்கியை வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். இதை யாரும் செய்து பார்க்கலாம். நரம்பு ஏன் அறுந்தது என்று நுனியே சொல்லிவிடும்.

நுனி சாய்வாக, பிளேடால் சீவியது போல வழுவழுப்பாக இருந்தால் அது பல். மூன்று ஃப்ளோரோ நுனிகளும் அப்படியே இருந்தன. ஒன்றில் வெட்டுக்கு 2 செ.மீ. மேலே இன்னொரு பாதி வெட்டும் இருந்தது. நுனி பன்றி வால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கி அவிழ்ந்திருக்கிறது என்று பொருள். நுனியிலிருந்து பல செ.மீ. தூரம் பஞ்சுபோல வெளுத்துப் பிரிந்திருந்தால் கல்லிலோ மட்டி ஓட்டிலோ உரசியிருக்கிறது. குத்துக்காலில் அறுந்த பிரெய்டு இந்த வகை. எறியும்போது அறுந்த பிரெய்டு முடிச்சுக்கு வெகு மேலே, இழைகள் சமமில்லாமல் குஞ்சம் போலத் தெறித்திருந்தது.

ஆக, நான்கு விதக் குறை கலந்திருந்தது: பல், உரசல், எறிதல், ஸ்னாப். எல்லாவற்றையும் ‘பலமான நரம்பு’ என்ற ஒரே மருந்தால் தீர்க்க முடியாது. பல்லுக்கு 15 பவுண்டும் 65 பவுண்டும் ஒன்றுதான். பிரெய்டு எத்தனை பவுண்டாக இருந்தாலும் இறுகி நிற்கும்போது பைக் பல் பட்டால் நூல் போல அறுந்துவிடும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மீனின் வாயிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி ரீல் வரை வருவது என்று முறை வைத்துக்கொண்டார்கள். முதலில் லீடர், கடைசியில் ராடு. கடைக்காரர்கள் சொல்லும் வரிசைக்கு இது நேர்எதிர். எங்களுக்கு இதுவே சரி என்று படுகிறது.

*லீடர்.* 49 இழை துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, அதாவது ஏழு இழை கொண்ட புரிகள் ஏழைச் சேர்த்து முறுக்கியது. 40 பவுண்டு, 35 செ.மீ. நீளம். ஏழே இழை கொண்ட கம்பி விலை குறைவு, ஆனால் ஒரு மீனிலேயே சுருண்டுவிடும். டைட்டானியம் சுருளாது, ஆனால் விலை அதிகம். தேய்ந்ததை முன்கூட்டிக் காட்டாமல் திடீரென்று முறியவும் கூடும். ஃப்ளோரோவே வேண்டும் என்பவர்கள் 0.80 மி.மீ.க்கு மேல், பெரும்பாலும் 1 மி.மீ. அளவில் போடுகிறார்கள். அதிலும் ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் விரல் நகத்தால் தடவி, கீறல் தட்டினால் மாற்ற வேண்டும். ஃப்ளோரோ தண்ணீரில் தெரியாது என்பதும் முழு உண்மையல்ல. அதன் ஒளிவிலகல் எண் 1.42, தண்ணீருக்கு 1.33. நைலானைவிடக் குறைவாகத் தெரியும், அவ்வளவே.

35 செ.மீ. என்பதற்கும் கணக்கு உண்டு. பைக்கின் தலை உடல் நீளத்தில் ஏறத்தாழ கால் பங்கு. ஒரு மீட்டர் மீனுக்குத் தலை 25 செ.மீ. பின்னாலிருந்து லூரை முழுதாக விழுங்கினால் 15 செ.மீ. லீடர் வாய்க்குள்ளேயே மறைந்து, பிரெய்டு பல்லில் படும். 50 செ.மீ.க்கு மேல் போனாலோ எறியும்போது லீடர் முடிச்சு ராடு நுனியில் இடிக்கும்.

லீடரைத் தாங்களே செய்தார்கள். முதலில் செய்த ஆறில் இரண்டு சோதனையிலேயே தோற்றன. ஒன்று 7 கிலோ இழுப்பில் கிரிம்ப் குழாய்க்குள் (நசுக்கிக் கம்பியைக் கவ்வ வைக்கும் சிறு உலோகக் குழாய்) வழுக்கியது, குழாய் கம்பிக்குப் பெரிதாக இருந்ததே காரணம். மற்றொன்றில் சாதாரண இடுக்கியால் குழாயின் விளிம்பு வரை நசுக்கியதால் விளிம்பே கம்பி இழைகளை வெட்டியிருந்தது. திருத்திய முறை இது: கம்பித் தடிமனுக்கு ஏற்ற குழாய். கம்பியை அதில் நுழைத்து, ஸ்விவல் (சுழலும் இணைப்பு) வளையத்தில் கோத்து, திரும்பவும் அதே குழாயில் விட வேண்டும். குழாயின் இரு முனையிலும் ஒரு மி.மீ. விட்டு நடுவை மட்டும் கிரிம்ப் இடுக்கியால் அழுத்த வேண்டும். கம்பியின் வால் நுனி குழாய்க்கு வெளியே தெரியக் கூடாது, தெரிந்தால் விரலில் குத்தும், பாசி பிடிக்கும். முடித்த ஒவ்வொன்றையும் ஆணியில் மாட்டி, தராசுக் கொக்கியால் 10 கிலோ வரை இழுத்துப் பார்த்த பிறகே பெட்டிக்குள் வைத்தார்கள். இழுக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

ஜெர்க்பெய்ட்டுக்கு மட்டும் 30 செ.மீ. விறைப்பான ஒற்றைக் கம்பி. ஜெர்க்பெய்ட் ஒவ்வொரு வெட்டுக்கும் பக்கவாட்டில் சறுக்கி, நரம்பு தளரும் நேரத்தில் திரும்பிப் பார்க்கும். குழைவான லீடர் அப்போது முன் ட்ரெபிளில் மாட்டிக்கொள்ளும்.

*ஸ்னாப்.* குறுக்கே பூட்டிக்கொள்ளும் வகை, லீடரைவிடப் பலம் கூடியது. தட்டையான தகட்டு ஸ்னாப் நேர் இழுப்பைத் தாங்கும். மீன் உருளும்போது வரும் முறுக்கைத் தாங்காது. மூன்றாம் நாள் நிமிர்ந்தது அந்த வகைதான்.

*பிரெய்டு.* ஷாட், ஸ்பூன் எறியும் ஸ்பின்னிங் செட்டுக்கு 40 பவுண்டு, எட்டு இழை. ஜெர்க்பெய்ட் எறியும் பெய்ட்காஸ்டருக்கு (எறியும்போது நரம்புருளையான ஸ்பூலே சுழலும் ரீல்) 65 பவுண்டு. அந்த வடிகாலில் 10 கிலோ மீன் வந்தாலே பெரிய செய்தி. அப்படியிருக்க 29 கிலோ தாங்கும் நரம்பு எதற்கு என்று இளையவர் கேட்டது நியாயமான கேள்வி. மீனின் எடைக்காக அல்ல. பெய்ட்காஸ்டரில் ஸ்பூல் வேகமாகச் சுற்றி நரம்பு சிக்கிக் குருவிக்கூடு விழுந்தால், பறந்துகொண்டிருக்கும் 65 கிராம் லூர் ஒரே நொடியில் நிற்கும். அந்த வெட்டு மெல்லிய நரம்பை அறுத்துவிடும். மட்டி ஓட்டில் நாலு இழை போனாலும் மீதி பிடிக்க வேண்டும். குத்துக்காலில் மாட்டினால் முள் நிமிர்ந்து லூர் திரும்பி வர வேண்டும். இந்த மூன்றுக்காகவே அந்தப் பலம்.

எது முதலில் தோற்க வேண்டும் என்பதையும் எழுதி வைத்தார்கள். முதலில் முள் நிமிர வேண்டும். அது நடக்காவிட்டால் பிரெய்டு ஸ்விவலில் கட்டிய முடிச்சில் அறுபட வேண்டும். 20 மீட்டர் பிரெய்டு ஒருபோதும் தண்ணீரில் தங்கக் கூடாது, அதில் பறவைகளும் சிக்கும். 40 பவுண்டு பிரெய்டு முடிச்சில் கொஞ்சம் பலம் இழப்பதால் 40 பவுண்டு கம்பிக்கு முன் அது அறுந்துவிடும். 65 பவுண்டு பிரெய்டுக்குக் கம்பியும் அதற்கு மேல் இருக்க வேண்டும். ஒற்றைக் கம்பியை அப்படியே தேர்ந்தார்கள்.

முடிச்சு பாலோமர். முதலில் போட்டுவந்த கிளிஞ்ச் முடிச்சு நைலானுக்கு நல்லது. வழுக்கும் பிரெய்டில் தராசு 5 கிலோவைத் தொடும்போதே நழுவியது. எச்சில் தொட்டு நனைத்து, மெல்ல இறுக்கி, வாலை 3 மி.மீ. விட்டு நறுக்க வேண்டும். ஸ்பூலின் அடியில் சில சுற்று நைலான் போட்டு அதன்மேல் பிரெய்டு. இல்லாவிட்டால் மொத்தப் பிரெய்டும் ஸ்பூலோடு வழுக்கிச் சுற்றும், டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக்) கெட்டுவிட்டதோ என்று தோன்றும்.

*ராடும் ரீலும்.* ஸ்பின்னிங்குக்கு 2.4 மீட்டர், 20 முதல் 80 கிராம், 4000 அளவு ரீல். ஜெர்க்குக்கு 2 மீட்டர், 100 கிராம் வரை. ரப்பரையும் ஜிக் தலையையும் சேர்த்தே எடை பார்க்க வேண்டும். 12 செ.மீ. ஷாட்டோடு 14 கிராம் தலை சேர்ந்தால் மொத்தம் 30 கிராமை நெருங்கிவிடும். பழைய ராடு முதல் நாளிலிருந்தே வரம்பைத் தாண்டித்தான் எறிந்திருக்கிறது. டிராக்கைக் கைக்கணக்கில் விடாமல் தராசால் வைத்தார்கள்: ஸ்பின்னிங்கில் 3 கிலோ, பெய்ட்காஸ்டரில் 4. பிரெய்டு இழுபடாது. டிராக்கைப் பூட்டி வைத்தால் கரையருகே மீன் ஒரு தடவை தலையை உதறினாலே முள் பிய்த்துக்கொள்ளும்.

*முள்ளும் கருவிகளும்.* எல்லா ட்ரெபிள்களின் எதிர்முள்ளையும் (முள் கழலாமல் தடுக்கும் பின்நோக்கிய சிறு கூர்) இடுக்கியால் நசுக்கினார்கள். 28 செ.மீ. நீள ஃபோர்செப்ஸ் (நுனி மெலிந்த இடுக்கி), ட்ரெபிளை வெட்டக்கூடிய வெட்டுக்கருவி, மீனைக் கிடத்த மெத்தை, ரப்பர் பூசிய வலை ஆகியவை வாங்கியாயிற்று. இவற்றில் ஒன்றை வீட்டில் விட்டு வந்தாலும் அன்று தூண்டில் போடுவதில்லை என்பது மூத்தவர் வைத்த விதி.

பின்பு நடந்தது

நவம்பர் கடைசி வாரம் முதல் மார்ச் 14 வரை பதினான்கு தடவைகள் போனார்கள். மாட்டியவை 27, கரைக்கு வந்தவை 21. லீடரை அறுத்தது ஒன்றுமில்லை. ஆறு மீன்கள் முள் கழன்று போயின. போன லூர்கள் இரண்டு, இரண்டும் குத்துக்காலில், இரண்டிலும் பிரெய்டு முடிச்சிலேயே அறுந்தது.

கழன்ற ஆறில் நான்கு, எதிர்முள்ளை நசுக்கிய முதல் நான்கு தடவைகளில் நடந்தவை. மீன் தண்ணீருக்கு மேல் தலையை உதறும்போது இளையவர் ராடை உயர்த்தினார், நரம்பு ஒரு கணம் தளர்ந்தது. பிறகு ராடு நுனியைத் தாழ்த்தி, தண்ணீரைத் தொடும் அளவில் பக்கவாட்டில் இழுத்தார். கழல்வது குறைந்தது. கழன்று போன மீன் முள் இல்லாமல் போகிறது என்பதால் எதிர்முள்ளைத் திரும்பக் கொண்டுவரவில்லை.

கரைக்கு வந்த 21இல் 17க்கு முள் ஒரு நிமிடத்துக்குள் எடுபட்டது. மீனை மெத்தையில் மல்லாத்தி, செவுள் மூடியின் ஓரத்தில் தாடை எலும்பை ஒட்டி இரண்டு விரலை நுழைத்து மேலே தூக்கினால் வாய் தானாகத் திறக்கும். சிவந்த செவுள் இழையில் விரல் படக் கூடாது. தொண்டையில் இறங்கிய ஒரு ட்ரெபிளைச் செவுள் இடைவெளி வழியே ஃபோர்செப்ஸ் விட்டுத் திருப்பி எடுத்தார்கள். இன்னொன்றை வெட்டி இரண்டு துண்டாக எடுத்தார்கள். இந்த வேலையை அனுபவமுள்ளவர் பக்கத்தில் நின்று ஒரு தடவையாவது காட்ட வேண்டும். படித்து மட்டும் வராது.

புதிய சிக்கல்களும் வந்தன. 4000 ரீலில் பிரெய்டை விளிம்பு வரை நிரப்பியதால் முதல் இரண்டு வாரம் காற்று முடிச்சு (எறியும்போது தளர்ந்த நரம்பில் தானாக விழும் சிக்கல்) விழுந்தபடியே இருந்தது. விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்தியதும் நின்றது. ஜனவரியில் உறைபனிக் காலையில் நனைந்த பிரெய்டு ராடு வளையங்களில் பனிக்கட்டியாகி எறிதல் பாதியில் நின்றது. அதற்கு வழி, வெயில் ஏறிய பின் தொடங்குவதுதான். எஃகு லீடர் மூன்று நான்கு மீனுக்கு ஒரு தடவை சுருண்டது. சுருண்டதை நேராக்கிப் பயன்படுத்தாமல் தூக்கிப் போட்டார்கள், பருவம் முழுக்க ஒன்பது போயின.

பெர்ச் குறைந்தது உண்மை. 7 செ.மீ. சிறு ஷாட்டுக்கு 40 பவுண்டு கம்பி கனம். லூரின் மூக்கு கீழே இறங்கி, அசைவு செத்துவிட்டது. அந்த ராடில் ஃப்ளோரோவுக்குத் திரும்பலாமே என்று இளையவர் கேட்டார். மூத்தவர் ஒத்துக்கொள்ளவில்லை. பெர்ச்சுக்குப் போட்டதைப் பைக் எடுக்காது என்று அந்த வடிகாலில் யாரும் உறுதி தர முடியாது. கடைசியில் 20 பவுண்டு மெல்லிய 49 இழைக் கம்பி 25 செ.மீ., மிகச் சிறிய ஸ்னாப்போடு. பெர்ச் கொஞ்சம் திரும்பி வந்தது, முன்பு போல் இல்லை. அந்தக் குறையோடு வாழ முடிவு செய்தார்கள். இதில் நாங்களும் மூத்தவர் பக்கமே.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதல் நாளே கீறிய லீடரை மாற்றியிருக்க வேண்டும், அதன் பொருளை யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும். இரண்டாம் நாள் முதல் அறுப்பு நடந்ததுமே தூண்டிலை நிறுத்தியிருந்தால் மீதி மூன்று மீன்கள் முள்ளோடு போயிருக்காது. அறுத்தது பல்தான் என்று தெரியவில்லை என்பது காரணமாகாது. நுனி கையில் இருந்தது.

முதல் செலவு லூர் மேல் போனது. ஆறு லூர் குறைத்து வாங்கியிருந்தால் அந்தப் பணத்தில் பத்து லீடருக்கான கம்பி, குழாய், ஸ்விவல், ஃபோர்செப்ஸ் எல்லாம் வந்திருக்கும்.

12 செ.மீ. ஷாட்டின் பின்னால் கட்டும் ட்ரெபிள் பற்றி இன்னும் முடிவாகவில்லை. அதை எடுத்துவிட்டு ஜிக் தலையின் ஒற்றை முள்ளோடு மட்டும் எறிந்தால் தொண்டையில் இறங்கும் ஆபத்து குறையும், தவறும் அடிகள் கூடும். அடுத்த பருவத்தில் ஒருவர் ட்ரெபிளோடும் ஒருவர் இல்லாமலும் போட்டு, அடி, மாட்டியது, முள் நின்ற இடம் மூன்றையும் குறிப்பேட்டில் எழுதப் போகிறார்கள். கடந்த பருவத்தில் தண்ணீர் வெப்பத்தை எழுதவில்லை, அதற்கும் ஒரு பத்தி சேர்த்திருக்கிறார்கள்.

தடை ஜூன் 15 அன்று முடியும். ஆனால் வெயில் காலத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, சூட்டில் போராடிக் களைத்த பைக் விட்ட பிறகும் செத்துப்போகும். அதனால் அக்டோபர் வரை பைக் ராடுகள் இரண்டும் வீட்டிலேயே இருக்கும். இப்போதைக்கு இளையவர் மாலை நேரங்களில் 40 பவுண்டு கம்பியை 35 செ.மீ. துண்டுகளாக நறுக்கிக்கொண்டிருக்கிறார். மூத்தவர் ஒவ்வொன்றையும் ஆணியில் மாட்டி 10 கிலோ இழுத்துப் பார்க்கிறார்.